ஏறி இறங்க ஒரு வண்டி

வக்கீல் அன்றைக்கு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். குடை பைக்குள்தான் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை. கறுப்புக் கோட்டை மட்டும் பாலிதீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பை ஒரு கையில் பிடித்தபடி தண்ணீர் தேங்கிய தெருவில் நடந்து வந்தாள்.

அப்பா ஜன்னலோரம் உயரமான முக்காலியில் உட்கார்ந்து டைல்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊரான் வீட்டுத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டியவர். இரண்டு மூட்டும் தேய்ந்துபோய், மண்டியிடுவது போகட்டும், தாழ்வான எதிலும் உட்கார்ந்தால் எழ முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகு வெளிவேலையை விட்டார். இப்போது கடைகளில் மிஞ்சும் உடைசல்களை மூட்டையாக வாங்கி, குறடால் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, நிறம் பிரித்து வைப்பார். நீச்சல் குளத்துச் சுவருக்கும் ஹோட்டல் வாசலுக்கும் பூ வேலை செய்கிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டில் டக், டக் என்று குறடின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மா ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் வீட்டில் இருக்கும் நேரம் குறைவு, இருக்கும் நேரத்தில் பேச்சு அதிகம்.

"குடை எங்க?" என்றார் அப்பா.

"பையில இருக்குப்பா."

"அப்புறம் எதுக்கு நனைஞ்ச?"

அவள் தலையைத் துவட்டினாள். அம்மா டீயும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னடி ஆச்சு? ஜட்ஜு திட்டினாரா?"

"அதெல்லாம் இல்லம்மா. சீனியரைப் பார்த்தேன். அவர்தான் ஒண்ணு சொன்னாரு."

சீனியர் என்பவரிடம்தான் அவள் தொழில் பழகினாள். தனியாக வழக்கு எடுக்க ஆரம்பித்து வருஷம் திரும்பவில்லை. இன்னும் அவருடைய அலுவலகத்தில் ஒரு மேஜை அவளுக்கு இருந்தது. அன்றைக்கு அவர் காரிலிருந்து இறங்கும்போது இவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடிவந்தாளாம். 'ஏம்மா, கட்சிக்காரன் ஆட்டோல வந்து இறங்குறான், வக்கீல் பஸ்ல வந்து இறங்குற. எப்படிம்மா ஃபீஸ் குடுப்பான்? மொதல்ல ஒரு நல்ல வண்டியா வாங்கு. பார்த்தா நாலு பேரு வழி விடணும்' என்றாராம்.

"சரியாத்தானே சொல்லியிருக்காரு" என்றார் அப்பா. குறடு நின்றுவிட்டது. "வாங்கிடு."

"என்னமோ தக்காளி வாங்குற மாதிரி சொல்றீங்க" என்றாள் அம்மா.

"அவ சம்பாதிக்கிறா, அவ வாங்குறா. உனக்கென்ன?"

"எனக்கொண்ணும் இல்ல. மாசாமாசம் தவணை கட்டறப்ப நீங்க இந்தத் துண்டை அள்ளிக் குடுப்பீங்களான்னு கேக்குறேன்."

வக்கீல் முட்டையை உரித்துக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தாள். சீனியர் சொன்னதை மட்டும்தான் சொன்னாள். அவளுக்குக் கார் வேண்டியிருந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

*

கார் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்த மறுநாளே டயர் மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. பழைய வண்டி வாங்கி விற்கும் தரகர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் விலை பேசுவார். அதனால் அந்தப் பெயர்.

"மருமகளே, உனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். "பூக்கடைக்காரன் ஓட்டினது. ஒரே கை. என்ஜின் சும்மா கல்லு மாதிரி இருக்கு. வந்து பாரு."

போய்ப் பார்த்தார்கள். உயரமான, சதுரமான, மங்கிய மஞ்சள் வண்டி. இரண்டு பக்கமும் பூக்கடையின் பெயர் ஒட்டியிருந்து பிய்த்தெடுத்த தடம், வெயில் படாத எழுத்துகளாகத் தெரிந்தது. பின்கதவைத் திறந்தால் உள்ளே இன்னும் வாடிய பூ வாசம். வக்கீல் அதைச் சுற்றி வந்தாள். ஒரு கதவைத் திறந்து பார்த்தாள். இருக்கை அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"டப்பா மாதிரி இருக்கு மாமா."

"டப்பாதான். நான் இல்லன்னு சொன்னேனா? அழகு வேணும்னா அழகுக்குக் காசு. ஓடணும்னா ஓடறதுக்குக் காசு. ரெண்டுக்கும் சேர்த்துக் குடுக்க உன்கிட்ட இல்ல. அப்ப எது வேணும்னு நீயே சொல்லு."

"கோர்ட் வாசல்ல இதைக் கொண்டுபோய் நிறுத்தினா, என்னம்மா டெலிவரியான்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. ஆமான்னு சொல்லி ஒரு கூடையை இறக்கிடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்று இரவு சாப்பாட்டின்போது, ஞாயிற்றுக்கிழமை புது கார் ஷோரூமுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாள். பார்ப்பதற்குத்தான், வாங்க அல்ல என்று இரண்டு தரம் சொன்னாள்.

"நானும் வரேன்" என்றார் அப்பா.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் தெருவைத் தாண்டிப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. பேருந்தின் படி ஏற முடியாது. ஆட்டோவில் ஏறினால் இறங்கும்போது ஓட்டுநர் வந்து தூக்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்காகவே உறவுக்காரர் வீட்டு விசேஷங்களைக்கூடக் காய்ச்சல், தலைவலி என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்.

"நீங்க எதுக்கு?"

"என் பொண்ணு காரு வாங்குறா. நான் உக்காந்து பார்க்க வேணாமா?"

அந்த வாரம் முழுக்க அம்மா ஒன்றைக் கவனித்தாள். விடியற்காலையில் விடுதிக்குக் கிளம்ப அவள் எழும்போது, கூடத்தில் அப்பா இருப்பார். துணி துவைக்கும்போது அவள் உட்காரும் குட்டை ஸ்டூலை சுவரோரம் போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அதில் உட்காருவார். பிறகு கம்பியைப் பிடித்து எழப் பார்ப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால்வாசி எழுந்து மறுபடி பொத்தென்று விழுவார். அவள் விளக்கைப் போடாமல் நின்று பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டுவாள். அவர் எப்படியோ எழுந்து படுக்கைக்குப் போய்விட அது போதுமான அவகாசம்.

*

ஆட்டோவிலிருந்து அப்பாவை டயர் மாமா தாங்கி இறக்கினார். ஷோரூம் கண்ணாடிப் பெட்டியாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் குளிர். தரை கண்ணைப் பறித்தது. நடுவில் ஒரு குடும்பம் புது வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. டயர் மாமா வழக்கம்போல முதல் வண்டியின் டயரை உதைக்க, சீருடை போட்ட ஒருவன் ஓடிவந்து, "சார், ப்ளீஸ்" என்றான்.

"உதைக்கலப்பா, தொட்டுப் பார்த்தேன். காலால."

அவர்களைக் கவனிக்க ஒரு பெண் வந்தாள். வக்கீலின் வயதுதான் இருக்கும். வக்கீல் என்று தெரிந்ததும் நேராக ஒரு வெள்ளி நிறக் காரிடம் அழைத்துப் போனாள். நீளமாக, தரையோடு தரையாகப் படிந்திருந்தது. நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி இருந்தது.

"மேடம், உங்க ப்ரொஃபெஷனுக்கு இதுதான் கரெக்ட். டாக்டர்ஸ், அட்வகேட்ஸ் எல்லாரும் இதான் எடுக்கறாங்க."

வக்கீல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். வெளிச்சத்தம் முழுக்க அடங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மாமா ஏதோ வாயசைத்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது.

இறங்கி வந்தவுடன் தவணையைக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு தொகையைச் சொன்னாள். அம்மா, "மாசத்துக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணாம்மா, போலாம்" என்றாள் வக்கீல். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. எதிர்பார்த்த தீர்ப்பு வந்தது போல இருந்தது.

"இருடி. நான் ஒருக்கா உக்காந்து பார்க்கிறேன்" என்றார் அப்பா.

யாரும் பிடிப்பதற்குள் அவர் மறுபக்கம் போய், கைத்தடியை அம்மாவிடம் கொடுத்து, கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். உட்காருவது எளிதுதான், உடம்பை விட்டுவிட்டால் போதும், அதுவே போய் விழுந்துவிடும். விழுந்தார். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"சோபா மாதிரி இருக்குடா மச்சான்! பாப்பா, இந்தக் கதவைச் சாத்து."

வக்கீல் சாத்தினாள். அவர் உள்ளே எதையெதையோ தொட்டுப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்த, பாட்டு வந்தது. அவள் அவரை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அப்பாவுக்குப் பிடிச்சுப்போச்சு போல" என்றாள் விற்பனைப் பெண்.

சிறிது நேரம் கழித்து வக்கீல் கதவைத் திறந்து, "போலாமாப்பா?" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேனே. ஜில்லுனு இருக்கு. நீ போய்ப் பேசு. பேசறதுக்கென்ன காசா?"

அவள் போனாள். மூலையிலிருந்த மேஜையில் விற்பனைப் பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். தவணைக் காலத்தை நீட்டினால் இவ்வளவு, முன்பணத்தைக் கூட்டினால் இவ்வளவு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் உச்சுக்கொட்டினார். வக்கீல் அடிக்கடி திரும்பிக் காரைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு, பாட்டுக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அவரைப் பாருங்க. வீட்டை விட்டு வெளிய வராதவரு. இறங்க மனசில்லாம இருக்காரு."

"அதுக்காக?"

"ரெண்டு கேஸ் கூட எடுத்தா சமாளிச்சிடலாம்."

"கேஸ் என்ன மரத்துலயா காய்க்குது?"

அவள் புக்கிங் படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

அம்மா காரின் அருகிலேயே நின்றிருந்தாள். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"இந்தா, கிட்ட வா" என்றார் அப்பா தாழ்ந்த குரலில். நெற்றியெல்லாம் வியர்வை. "எந்திரிக்க முடியல."

"தெரியும்."

"அவகிட்டச் சொல்லாதே."

"சொல்லாம? இதுக்குள்ளயே குடும்பம் நடத்தப் போறீங்களா?"

"அவ கையெழுத்துப் போடட்டும். அப்புறம் மெதுவா இறங்கிக்கிறேன். இப்பத் தெரிஞ்சா எனக்காகப் போய் அந்த டப்பாவை வாங்குவா. கோர்ட்ல சிரிப்பாங்க. நொண்டி அப்பனுக்காகப் பொண்ணு டப்பா வாங்கினான்னு பேச்சு வர வேணாம்."

"வாங்கினப்புறம் இதுல எப்படி ஏறுவீங்க?"

"நான் எதுக்கு ஏறணும்? நான் எங்க போகப்போறேன்?"

அம்மா கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று மேஜைக்கு நடந்துபோனாள்.

"பேனாவைக் கீழ வை" என்றாள். "உங்கப்பாவால எந்திரிக்க முடியல. அதான் உக்காந்திருக்காரு."

*

வக்கீல் ஓட்டுநர் பக்கம் ஏறி, கதவைச் சாத்தி, பாட்டை நிறுத்தினாள். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் அந்தக் குடும்பம் இன்னும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா இப்படி?"

"உங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது."

"நான் உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போடப் போனேன்."

அவர் திரும்பினார். "உனக்குப் பிடிச்சிருக்குன்னுதானே நான் உக்காந்தேன். நாலு பேரு வழி விடணும்னு உங்க சீனியர் சொல்லலையா?"

"அவர் சொன்னாரு. அதுக்காக மட்டும் நான் கார் தேடலப்பா." அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரு ஜீவனாம்சக் கேஸ் இருக்கு. பொண்டாட்டி பக்கம் நான். புருஷன் லேத்துப் பட்டறையில வேலை செய்யறான். அவனும் நம்ம பஸ்லதான் வரான்."

"எதாவது வம்பு பண்றானா?" அப்பாவின் குரல் மாறியது.

"பண்ணினாத் தேவலையே. அன்னைக்கு, மழையில நனைஞ்சு வந்தேனே, அன்னைக்குக் கூட்டம். நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒருத்தன் எந்திரிச்சு, உக்காருங்கம்மான்னான். பார்த்தா அவன். காலையிலதான் கோர்ட்ல அவனைக் கூண்டுல ஏத்தி, பொய் சொல்ற, சம்பளத்தை மறைக்கிறன்னு கிழிச்சிருந்தேன். எல்லாரும் பார்க்கறாங்க. உக்கார்றதா, வேணாமா? உக்காந்துட்டேன்ப்பா. வழி பூரா அவன் என் தலைக்கு மேல நின்னுக்கிட்டு வந்தான். ஒரு வார்த்தை பேசல. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டேன். அப்புறம் நடந்து வந்தேன்."

அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாய்தாவுல அவனை மறுபடி விசாரிக்கணும். அவன் குடுத்த சீட்டுல உக்காந்துட்டு எப்படி விசாரிக்கிறது? அதான் ஒரு வண்டி வேணும்னு நெனச்சேன். கதவைச் சாத்தினா அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்னு இருக்கணும்."

"அதுக்கு அந்த டப்பாவோட கதவே போதுமே" என்றார் அப்பா.

அவள் சிரித்தாள். சிரிப்பு வந்ததில் அவளுக்கே கோபம். "போதும்தான். ஆனா இதுவும் நல்லா இருக்கே. அதையும் பொய்னு சொல்ல மாட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுந்திரிக்க முடியலையே."

அவரை வெளியே எடுப்பது எல்லோருக்கும் வேலையாயிற்று. விற்பனைப் பெண் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாள். மாமா கக்கத்தில் கை கொடுத்தார். வக்கீல் கால்களைத் திருப்பினாள். "ஒண்ணு, ரெண்டு" என்று மாமா எண்ணி இழுக்க, பாதி வந்தவர் பிடி நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். போட்டோ எடுத்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அப்பா வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள உக்காந்தது போதாதுன்னு வெளிய வேற உக்காந்தாச்சா?" என்றாள் அம்மா. "எந்திரிங்க. டைல்ஸ் ஒட்டறதுக்கு இங்க உங்களைக் கூப்பிடல."

முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு மாமா, பிறகு அந்த விற்பனைப் பெண்கூட. அவளே போய் ஒரு உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்தாள். அதைப் பிடித்து அவர் எழுந்தார்.

*

மஞ்சள் வண்டி வந்தது. பக்கவாட்டு எழுத்துத் தடத்தை மாமா மெழுகு போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. நீதிமன்ற வாசலில் காவலாளி முதல் நாளே கையை நீட்டி, "கேன்டீன் சாமான் பின் கேட்டு" என்றான். அவள் கோட்டைக் காட்டிய பிறகும், "பரவாயில்லம்மா, பின்னாடியே விடுங்க, இங்க ஜட்ஜு வண்டி வரும்" என்றான். சீனியர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "கேட்டரிங் ஆரம்பிச்சிருக்கியாம்மா?" என்றார். "ஆமா சார், ஆர்டர் இருந்தா சொல்லுங்க" என்றாள் அவள்.

நஷ்டமும் இருந்தது. மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் பெரிய சொத்து வழக்கைத் தருவதாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வண்டி நிறுத்துமிடத்தில் அவளைச் சந்தித்து, வண்டியை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். அடுத்த வாரம் அந்த வழக்கு வேறொருவரிடம் போய்விட்டது. வண்டிதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டாள்.

லேத்துக்காரனின் வாய்தா அன்று காலையில் அவள் கிளம்பும்போது, அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "நானும் வரேன்" என்றார். கதவைத் திறந்து, இருக்கையில் இடுப்பைச் சாய்த்து, ஒரு திருப்பு திருப்பி உள்ளே போனார். இறங்கும்போதும் அப்படியே, யார் கையும் வேண்டியிருக்கவில்லை. பின் கேட்டிலிருந்து தளத்தோடு தளமாகப் பாதை இருந்தது, படி இல்லை. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

அவள் படித்து முடித்ததிலிருந்து அவர் அவளைக் கோட்டு போட்டுப் பார்த்திருக்கிறார், கேஸ் கட்டோடு போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறார். அவள் கோர்ட்டில் பேசி அவர் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார். கூண்டில் நின்றவன் சம்பளத்தைப் பற்றித் தடுமாறினான். அவள் விடவில்லை. ஒரு இடத்தில் அவன் வாய் கோணி அழுகிற மாதிரி ஆனபோது, அவள் ஒரு கணம் நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மதியத்துக்குப் பிறகு நீதிபதி இன்னொரு நாள் குறித்தார். எதுவும் முடிவாகவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"அந்தப் பையன் பாவம்."

"தெரியும்ப்பா."

"ஆனா பொய்தான் சொல்றான்."

"ஆமா."

வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு சிக்னலில் நின்றார்கள்.

"ஆரம்பத்துல உன் குரல் பின்பெஞ்சு வரைக்கும் வரலை" என்றார் அப்பா. "அப்புறம் வந்துச்சு."

"ஜட்ஜுக்குக் கேட்டாப் போதும்ப்பா."

"பின்னாடி உக்காந்திருக்கவனுக்கும் கேக்கணும்ல." அவர் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மழையில் கையை நீட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். "அடுத்த வாய்தா எப்பன்னு சொன்னாரு? காதுல சரியா விழல."